காராபூந்தியில் மூன்று கால்கள்: மாம்பலம் பலகாரக் கடைக்கு ஒரு விளையாட்டு எழுத்துரு

மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் பலகாரக் கடை ஒன்று இருக்கிறது. முறுக்கு, தட்டை, சீடை, ஓமப்பொடி, காராபூந்தி, ரிப்பன் பக்கோடா எல்லாம் வருஷம் முழுக்கக் கிடைக்கும். தீபாவளி சமயத்தில் அதிரசமும் லேகியமும் சேரும். கடையை நடத்துகிறவருக்கு அறுபதை ஒட்டிய வயது. கணக்கையும் போனில் வரும் ஆர்டர்களையும் மகள் பார்த்துக்கொள்கிறார். போர்டில் ஒரு எழுத்து, பாக்கெட் ஸ்டிக்கரில் இன்னொரு எழுத்து, பில்லில் மூன்றாவதாக ஒன்று என்று கடை இத்தனை காலம் ஓடியிருக்கிறது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை. பக்கத்துப் பேட்டைகளில் இருக்கும் கடைகளுக்கும் பாக்கெட் போட ஆரம்பித்த பிறகுதான், அடுக்கில் தங்கள் பாக்கெட்டைத் தங்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்று மகள் எழுத்துரு வரைகிற எங்களிடம் வந்தார்.

லோகோ ஒன்று போதாதா என்று கேட்டோம். போதாது என்பதற்கு அவர் சொன்ன காரணம் நியாயமானது. லோகோவில் கடைப்பெயர் மட்டும்தான் இருக்கும். ஆனால் வாங்குகிறவர் கடைப்பெயரைப் படிப்பதில்லை, ‘தட்டை’ என்பதைத்தான் படிக்கிறார். பலகாரப் பெயர்கள் மாதத்துக்கு மாதம் மாறும். ஒவ்வொரு தடவையும் யாரையாவது பிடித்து எழுதி வாங்க முடியாது. ஆகவே, கடைக்கென்று கையால் வரைந்த ஒரு தலைப்பெழுத்துரு வேண்டும், அதை அவர்களே தட்டச்சு செய்துகொள்ள வேண்டும், பார்த்தால் சிரிப்பு வர வேண்டும். வந்த வேலை அவ்வளவுதான்.

கடைக்காரரின் யோசனை வேறு. “எழுத்தே முறுக்கு மாதிரி இருக்கணும் தம்பி. முள்ளு முள்ளா, சுத்தி சுத்தி. பார்த்தா பசிக்கணும்” என்றார். உடனே மறுக்காமல் ‘முறுக்கு’ என்ற ஒரு சொல்லை முள்முறுக்குப் பிழிந்தது போல வரைந்து காட்டினோம். பெரிதாகப் பார்க்க அழகாகவே இருந்தது. ஸ்டிக்கர் அளவுக்குச் சுருக்கியதும் முட்களுக்கு நடுவே மை அடைத்துக்கொண்டு எழுத்தின் ஓரம் நமுத்துப்போனது போல் ஆகிவிட்டது. “நமுத்த முறுக்கை நான் விக்க மாட்டேன்” என்று அவரே அதைத் தள்ளிவிட்டார்.

ஏற்கெனவே இருப்பவை

தமிழில் விளையாட்டான எழுத்துரு இல்லாமல் இல்லை. மும்பையின் எக் டைப் குழு வெளியிட்ட பலூ குடும்பத்தில் ‘பலூ தம்பி’ இருக்கிறது. உருண்டையான, தடித்த, உறுதியான எழுத்து. திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காய்னி இருக்கிறது, அரிமா மதுரை இருக்கிறது. சிறுவர் புத்தக அட்டைக்கும் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழுக்கும் எங்களிடம் கேட்டால் இன்றும் பலூ தம்பியைத்தான் முதலில் சொல்வோம். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துக்கு ஒரு விலை உண்டு. எல்லோரும் அதை எடுப்பார்கள். அடுக்கில் தனியாகத் தெரிய வேண்டும் என்று வந்தவருக்கு அதைக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. இன்னொன்று, பலூவின் உருட்சி கணினியில் திருத்தி எடுத்த உருட்சி. இவர்களுக்கு வேண்டியது கை தெரிகிற எழுத்து.

கை தெரிகிற எழுத்துக்குச் சென்னையில் முன்னோடிகளுக்குப் பஞ்சமில்லை. மவுண்ட் ரோட்டில் நின்ற சினிமா பேனர்கள், வாரப் பத்திரிகைகளில் ஒவ்வொரு கதைக்கும் தனியாக எழுதப்பட்ட தலைப்புகள், சுவர் விளம்பரங்கள் என்று நிறைய சொல்லலாம். ஓவியர் கே.எம். ஆதிமூலம் புத்தகங்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்தவர்களுக்கு, தமிழ் எழுத்து எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கும் என்பது தெரியும். ஆனால் அதெல்லாம் தலைப்பெழுத்து. ஒரு சொல்லுக்காக, அந்தச் சொல்லின் எழுத்துகளை மட்டும் பார்த்து வரைந்தது. எழுத்துரு அப்படியில்லை. ‘மு’ வரையும்போது அதற்குப் பக்கத்தில் என்ன வரும் என்பது வரைகிறவருக்குத் தெரியாது. தலைப்பெழுத்தில் செய்கிற குறும்புகளில் பாதியை எழுத்துருவில் செய்ய முடியாமல் போவது இதனால்தான். எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையின் பெரும்பகுதியாக ஆனது.

எது ஆடக் கூடாது

பலகாரப் பட்டியலையே சோதனைச் சொற்களாக வைத்துக்கொண்டோம். அதில் ‘காராபூந்தி’ எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

அந்தச் சொல்லின் தொடக்கத்தைப் பாருங்கள். க, அடுத்து ஒரு கால், அடுத்து ர, அடுத்து இன்னொரு கால். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் அடியில் இடப்பக்கமாகச் சாயும் ஒரு சின்ன வால்தான் வித்தியாசம். கையெழுத்தில் பலரும் அந்த வாலைப் போடுவதே இல்லை. வாக்கியத்தில் இடம் பார்த்துப் படித்துவிடலாம். பாக்கெட்டில் ஒற்றைச் சொல்லாக நிற்கும்போது அந்த உதவி கிடையாது. முதல் வரைவில் கால்களையெல்லாம் கொஞ்சம் வளைத்து, ஒன்றைக் குட்டையாக, ஒன்றைச் சாய்வாகப் போட்டிருந்தோம். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் க-வுக்குப் பிறகு மூன்று கால்கள் தள்ளாடிக்கொண்டு வந்தன. எது ரகரம் என்று தெரியவில்லை.

அங்கேதான் ஒரு விதி பிறந்தது. துணைக்கால் ஆடாது. நேராக, ஒரே உயரத்தில், கம்பம் நட்டது போல நிற்கும். ரகரத்தின் வால் மட்டும் எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்குக் கீழே தாராளமாக இறங்கி, தூரத்திலிருந்தே தெரியும்படி நீளும். கால் அசையாமல் நின்றதும் ஒரு வேடிக்கை நடந்தது. பக்கத்து எழுத்துகளின் ஆட்டம் முன்பைவிட அதிகமாகத் தெரிந்தது. எல்லாமே ஆடினால் எதுவும் ஆடுவதாகத் தெரியாது போலிருக்கிறது.

இதே கண்ணோடு மற்ற எழுத்துகளையும் பிரித்தோம். எ-வையும் ஏ-வையும் பிரிப்பது அடியில் ஒரு கோடு. ‘எள்ளுருண்டை’க்கு அது முக்கியம். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரிப்பது மேலே ஒரு சுழி. தடித்த எழுத்தில் முதலில் அடைபடுவது அந்தச் சுழிதான். ண-வுக்கும் ன-வுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வளைவு. ஔகாரக் குறியில் வரும் ‘ள’ போன்ற உருவமும் உண்மையான ள-வும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக்கிவிடக்கூடிய இடங்களில் கை வைக்கவில்லை. மற்ற இடங்கள் எல்லாம் விளையாட்டு மைதானம்: கோடு தொடங்கும் முனை, முடியும் முனை, எழுத்தின் உயரம், வயிற்றின் அகலம், சில டிகிரி சாய்வு. ‘ட’ இதில் எங்களுக்குப் பிடித்த எழுத்து. செங்குத்தாக ஒரு கோடு, படுக்கையாக ஒரு கோடு. என்ன செய்தாலும் அது ட-வாகத்தான் இருக்கும். எங்கள் ‘தட்டை’யில் இரண்டு ட-வும் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து தூங்குகின்றன. யாரும் தப்பாகப் படிக்கவில்லை.

புள்ளி

புள்ளியை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. விளையாட்டு எழுத்து என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது புள்ளியை நட்சத்திரமாக்குவது, பூவாக்குவது, வளையமாக்குவது. இங்கே கடலைப்பருப்பாக்கலாம் என்றும் ஒரு யோசனை. ஓலைச்சுவடி எழுதியவர்கள் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். ஆக, புள்ளிக்குக் கொஞ்சம் சுதந்திரம் கொடுத்தால் என்ன என்று ஒரு கட்சி வாதாடியது.

இதற்குத் தீர்ப்புச் சொன்னவர் கடையின் பழைய போர்டை எழுதிய ஓவியர். இப்போது போர்டு வேலை குறைந்து, கோயில் சுவர்களும் பள்ளிக்கூடச் சுவர்களும் எழுதுகிறார். எங்கள் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, “புள்ளியை நாங்க கடைசியாத்தான் வெப்போம் சார். எழுத்தெல்லாம் காஞ்ச பிறகு, ஒரே கையா வரிசையா வெச்சுக்கிட்டே போவோம். அப்பதான் எல்லாம் ஒரே அளவா நிக்கும். புள்ளி கோணினா போர்டே கோணலாத் தெரியும்” என்றார். பிறகு பழைய போர்டை ஏணி போட்டுப் பார்த்தோம். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். புள்ளிகள் மட்டும் ஒரே அளவில், எழுத்தின் தலையிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தன.

ஆகவே எங்கள் எழுத்துருவிலும் புள்ளி ஒரே அளவு, நிறைந்த வட்டம், வழக்கத்தைவிடப் பெரியது. கடலைப்பருப்பு கைவிடப்பட்டது. எனக்கு அதில் இன்னமும் லேசான வருத்தம் உண்டு.

கொம்பும் துள்ளலும்

கையால் வரைந்த எழுத்துருக்களில் எழுத்துகள் அடிக்கோட்டில் நிற்காமல் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று துள்ளுவது பழைய உத்தி. ஆங்கிலத்தில் இது சுலபம். ஒவ்வொரு எழுத்தும் தனி உருவம். எதை வேண்டுமானாலும் தூக்கலாம். அதையே தமிழில் அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று ‘பக்கோடா’வில் பார்த்தோம். ‘கோ’ என்பது கண்ணுக்கு மூன்று உருவம்: கொம்பு, க, கால். கொம்பு ஒரு பக்கம் மேலே போய், க கீழே இறங்கி, கால் நடுவில் நின்றால் அது ‘கோ’ அல்ல, மூன்று அனாதைகள். அதைவிட மோசம், கொம்பு முன்னால் இருக்கும் க் பக்கம் ஒட்டிக்கொண்டு, பின்னால் இருக்கும் தன் சொந்த எழுத்தை விட்டு விலகி நிற்கிறது.

தமிழில் துள்ள வேண்டியது உருவம் அல்ல, முழு உயிர்மெய். கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்து ஒரே துண்டாக ஏற வேண்டும், ஒரே துண்டாக இறங்க வேண்டும். இதற்காகக் கொம்பிலும் காலிலும் உயரமானது, சாதாரணமானது, தாழ்ந்தது என்று மூன்று வடிவம் வைத்து, எந்த மெய் வருகிறதோ அதற்கேற்ற வடிவம் தானாக வந்து உட்காரும்படி ஓப்பன்டைப் விதிகள், அதாவது எழுத்துருக் கோப்புக்குள்ளேயே வைக்கும் கட்டளைகள், எழுதினோம். கால் ஆடாது என்ற விதி இங்கே மீறப்படவில்லை. கால் சாய்வதில்லை, வளைவதில்லை, குடும்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. கூடவே, கொம்புக்கும் அதன் மெய்க்கும் உள்ள இடைவெளி, கொம்புக்கும் முந்தைய எழுத்துக்கும் உள்ள இடைவெளியைவிட எப்போதும் குறைவாக இருக்கும்படி ஜோடி ஜோடியாகச் சரிசெய்தோம். மொத்த வேலையில் அதிக நேரம் தின்றது இதுதான். பார்ப்பவர் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை, கவனிக்கவும் கூடாது.

கணினிக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் ‘கோ’ என்பது க, அதற்குப் பின் ஓகாரக் குறி என்று இரண்டே குறியீடுகள். திரையில் காட்டும்போதுதான் மென்பொருள் அந்தக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. இந்த வரிசை மாற்றம் முடிந்த பிறகுதான் எங்கள் விதிகள் வேலை செய்யும். மென்பொருள் அதைச் சரியாகச் செய்யாத இடத்தில் துள்ளல் கிடக்கட்டும், தமிழே வராது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

இரட்டிப்பு: தமிழ் கொடுத்த சலுகை

கையெழுத்து போலத் தெரிய வேண்டும் என்றால் ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும்போது அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கக் கூடாது. ஆங்கில எழுத்துருக்களில் இதற்காக ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு மூன்று விதமாக வரைந்து, மாற்றி மாற்றி வரும்படி வைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். பலகாரப் பட்டியலை மறுபடி பார்த்தபோது அந்த அளவுக்குத் தேவையில்லை என்று புரிந்தது. தமிழில் ஒரே எழுத்து ஒட்டி ஒட்டி வருவது பெரும்பாலும் இரட்டிப்பில்தான்: முறுக்கு, தட்டை, அப்பளம், சுக்கு. அதில் முதலாவது எப்போதும் புள்ளி வைத்த மெய், இரண்டாவது எப்போதும் உயிர்மெய். ஆகவே புள்ளி வைத்த மெய்கள் பதினெட்டையும் வெறும் ‘க + புள்ளி’ என்று ஒட்டாமல் தனியாக, கொஞ்சம் ஒடுக்கமாக, கொஞ்சம் வேறு சாய்வில் வரைந்தாலே போதும். ‘க்க’-வில் இரண்டு க-வும் வேறு வேறு கையசைவாகத் தெரிகிறது. மாற்று எழுத்துகள் பெரும்பாலானவற்றைத் தூக்கிப் போட்டோம்.

எண்ணிக்கையில் இதன் பலன் பெரிது. தமிழ் எழுத்து 247 என்று பள்ளியில் படித்தாலும் வரைய வேண்டிய உருவங்கள் அத்தனை இல்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளி மெய் 18, இகர ஈகார வரிசைகள் 36, உகர ஊகார வரிசைகள் 36. மொத்தம் 121. அதோடு கால், கொம்புகள், ஐகாரக் குறி, அப்புறம் ஜ, ஸ, ஷ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள். ‘சிப்ஸ்’ விற்கிற கடையில் ஸ் இல்லாமல் முடியாது. மற்ற உயிர்மெய் எல்லாம் இவற்றை ஒட்டி வருபவை.

இதில் உகர ஊகார வரிசைகளைத் தனித்தனியாக வரைந்தே ஆக வேண்டும். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு சாதி: வலப்பக்கம் சுற்றி வளையும். சு, பு, யு, வு இன்னொன்று: நேராகக் கீழே இறங்கும். து, நு, று, லு, னு, ணு மூன்றாவது: கீழே போய் வலப்பக்கம் மேலேறும். விளையாட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ‘முறுக்கு’ என்ற சொல்லில் மு, று, கு என்று மூன்று சுழிப்புகள் இருக்கின்றன. கடைக்காரர் கேட்ட ‘சுத்தி சுத்தி’ முள் இல்லாமலே அந்தச் சொல்லுக்குள் இருந்தது. மு-வின் சுழியை ஒன்றரைச் சுற்றாக்கினோம், அவருக்கு அதில் திருப்தி.

ஒரு சின்ன உபரி. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு லை, ளை, ணை, னை ஆகியவற்றில் ஐகாரம் யானைத் துதிக்கை போல எழுத்தின் தலையிலேயே ஒட்டி வளைந்திருக்கும். அதை மாற்று வடிவமாகச் சேர்த்தோம். தீபாவளிக்கு வந்த ‘கடலை உருண்டை’ டப்பாவில் மட்டும் அதைப் பயன்படுத்தினார்கள். பெரியவர்கள் டப்பாவைக் கையில் எடுத்துச் சிரித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ‘கட’-வுக்குப் பிறகு இது என்ன எழுத்து என்று கேட்டார்கள். டப்பாவோடு நிறுத்தியது சரிதான்.

எங்கே போட்டோம், எங்கே போடவில்லை

போர்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948-இன்படி பெயர்ப்பலகையில் தமிழ் மேலே, முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் 5:3:2 என்ற விகிதம். தலைப்பெழுத்துரு வரைகிறவருக்கு இது நல்ல செய்தி. பலகையில் பாதியாவது நமக்குத்தான். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. இப்போது போர்டு எழுதுவதில்லை, அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டுகிறார்கள். எங்கள் எழுத்தின் தூரிகைப் பிசிறுகள் வெட்டும் இயந்திரத்துக்கு ஒத்துவரவில்லை. சுழலும் கத்தியின் பருமனைவிடச் சின்ன மூலைகளை அது மொழுக்கிவிடும். இதற்காக ஓரம் வழவழப்பான ஒரு பதிப்பைத் தனியாகச் செய்தோம். இன்னொன்று புள்ளி. தனியாக ஒட்டிய அக்ரிலிக் புள்ளிகள் வெயிலிலும் மழையிலும் பசை விட்டு விழுந்துவிடும். நகரத்தில் புள்ளி உதிர்ந்த போர்டுகளைத் தேடிப்போக வேண்டியதில்லை, அண்ணாந்து பார்த்தாலே போதும். ஆகவே போர்டுப் பதிப்பில் மட்டும் புள்ளி எழுத்தின் தலையைத் தொட்டுக்கொண்டு, ஒரே துண்டாக வெட்டும்படி இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை.

பாக்கெட். இந்த அளவு கடைகள் பாக்கெட்டையே அச்சடிப்பதில்லை. அதற்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு உருளை (சிலிண்டர்) செய்ய வேண்டும். செலவும் அதிகம், குறைந்தபட்ச எண்ணிக்கையும் அதிகம். வெற்றுப் பாக்கெட்டில் ஸ்டிக்கர்தான். ஸ்டிக்கரில் பலகாரத்தின் பெயர் மட்டும் எங்கள் எழுத்தில். உள்ளடக்கப் பொருள்கள், எடை, விலை, தயாரித்த தேதி, 14 இலக்க உணவு உரிம எண் இவையெல்லாம் முக்தா மலர் என்ற ஆடாத எழுத்துருவில். இதில் மகளுக்கும் எங்களுக்கும் கொஞ்சம் இழுபறி. எல்லாமே ஒரே எழுத்தில் இருந்தால் அழகு என்பது அவர் கட்சி. ஆனால் அந்த விவரங்கள் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எடை எண்களின் உயரத்துக்குக்கூட பொட்டல விதிகளில் அளவு உண்டு. ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருப்பதும் கட்டாயம், தமிழ் கூடுதலாகத்தான் வரும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் அந்த இடத்தைத்தான் தேடிப் படிப்பார். அங்கே எழுத்து துள்ளக் கூடாது.

இரண்டு வரியில் பெயர் வரும்போது வரி இடைவெளியைக் கவனிக்க வேண்டியிருந்தது. தமிழில் மேலே இகர வளைவும் புள்ளியும், கீழே உகரச் சுழிப்பும் இருக்கின்றன. மேல் வரியில் ‘கை முறுக்கு’, கீழ் வரியில் ‘சீரகம்’ என்றால் மு-வின் சுழி சீ-யின் தலையில் இடிக்கும். துள்ளலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வழக்கமான இடைவெளியைவிடத் தாராளமாக எழுத்துருவுக்குள்ளேயே வைத்துவிட்டோம், பயன்படுத்துகிறவர் நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

துணிப்பை. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிய பிறகு மஞ்சள் பைக்குப் பழைய கேலி போய்விட்டது. எழுத்துரு மிகச் சிறப்பாக வாழ்கிற இடம் இந்தப் பைதான் என்று நினைக்கிறேன். சிவப்பில் ஸ்கிரீன் பிரிண்டிங், பெரிதாக ஒரே ஒரு சொல், அதுவும் கடைப்பெயர் அல்ல: ‘நொறுக்கு’. துணியின் நெசவு பிசிறுகளைத் தானே சேர்த்துவிடுவதால் இதற்கும் வழவழப்பான பதிப்பே போதுமானதாக இருந்தது.

விலைச் சீட்டில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். 1-ம் 7-ம் ஆடினால் கல்லாவில் தகராறு.

தட்டச்சு செய்கிறவர் கை

கல்லாவில் இருக்கும் பையன்தான் தினமும் ‘இன்று சூடாக’ என்று ஒரு படம் செய்து வாட்ஸாப்பில் போடுகிறான். போனில் யூனிகோடு தமிழ் பிசகில்லாமல் வருகிறது. எழுத்துருவை ஏற்றிக்கொள்ள இடம் தரும் ஏதாவது ஒரு வடிவமைப்புச் செயலி இருந்தால் போதும், ‘அண்ணே, ஈஸியா இருக்கு’ என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

அச்சுக் கடைகள்தான் சோதித்தன. ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர் கடைகள் பலவற்றில் இன்றும் யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் உள்ள பழைய எழுத்துருக்களும், அவற்றுக்கென்று பழகிய விசைகளும்தான். அங்கே தட்டுகிறவர் கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டிப் பழகியவர். விரல் அப்படித்தான் போகும். யூனிகோடு கோப்பைக் கொடுத்தால் பழைய மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘பக்கோடா’ சிதறிவிடும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை அமைப்புகளில் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கூத்து நடக்கும். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. அந்த ஆணை கடைத்தெருவின் எல்லாக் கணினிகளுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. இதற்கு நாங்கள் கண்ட வழியில் புதுமை எதுவும் இல்லை: வெளியே போகும் எந்தக் கோப்பும் எழுத்தாகப் போகாது, ‘கர்வ்’ ஆக்கி, அதாவது வெறும் வரைகோடாக மாற்றித்தான் போகும். பலகாரப் பெயர்கள் முழுவதையும் அப்படி மாற்றி ஒரு தொகுப்பாகக் கொடுத்துவிட்டோம். புதிய பெயர் வந்தால் மகள் தன் மடிக்கணினியில் அடித்து, கர்வ் ஆக்கி, பிடிஎஃப்பாக அனுப்புகிறார். அச்சுக் கடைக்காரருக்கும் அதுதான் நிம்மதி.

எழுத்துருவோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்தோம். மூன்று சொல்லுக்கு மேல் இந்த எழுத்தில் எழுத வேண்டாம், கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாகப் போட வேண்டாம், எழுத்துக்கு வெளிக்கோடும் நிழலும் சேர்க்க வேண்டாம். மூன்றாவதை யாரும் மதிக்கவில்லை. கடையின் ஆண்டு விழாவுக்கு வந்த ஃப்ளெக்ஸில் மஞ்சள் வெளிக்கோடு, கறுப்பு நிழல், பின்னால் சூரியக் கதிர்கள் எல்லாம் இருந்தன. கொஞ்சம் முறைத்துவிட்டு நின்று படித்துப் பார்த்தேன். காராபூந்தியின் ரகரம் அத்தனைக்கும் நடுவில் ரகரமாகவே தெரிந்தது.

இப்போது தாம்பரத்தில் இரண்டாவது கடைக்கு இடம் பார்த்திருக்கிறார்கள். அந்தப் போர்டில் ஆங்கிலமும் வேண்டுமாம். எங்கள் எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளை இன்னும் வரையவில்லை. வரையும்வரை பலூவின் ஆங்கில எழுத்துகளை, விகிதத்தில் மூன்று பங்கு அளவில், தமிழுக்குக் கீழே போடுவதாகப் பேசி முடித்திருக்கிறோம்.